போருக்குப் பின் வந்த பணம்: வடாற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

காட்பாடிக்காரன் நான். கட்டடப் பொறியாளர். இலங்கையில் போர் முடிந்த பிறகு கிளிநொச்சிப் பக்கம் இந்திய வீட்டுத்திட்டத்தில் இரண்டு வருஷம் தொழில்நுட்ப அலுவலராக இருந்தேன். வெளிநாட்டு உதவி ஒரு நாட்டை எப்படித் தூக்கி நிறுத்துகிறது, எங்கே கவிழ்க்கிறது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் இந்தக் கேள்வி பதில். போர் யாரால் வந்தது, யார் துரோகி என்ற கேள்விகளை எடுக்கவில்லை. அது என் துறை இல்லை.

ஆற்காடு, கல்லூரி மாணவி: சார், வெளிநாட்டு உதவி என்றால் சும்மா கொடுக்கிற பணம்தானே?

இல்லை அம்மா. இந்தப் பேச்சு முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: கொடையா, கடனா என்று முதலில் கேளுங்கள். செய்தித்தாளில் இரண்டுமே 'உதவி' என்றுதான் வரும்.

இலங்கையையே எடுத்துக்கொள். போர் முடிந்தது 2009 மே மாதம். அடுத்த வருஷம் இந்தியா 50,000 வீடுகள் அறிவித்தது. பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும், 4,000 வீடுகள் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு. அது கொடை, திருப்பித் தர வேண்டாம். ஓமந்தைக்கு வடக்கே போரில் அழிந்துபோன ரயில் பாதையை மறுபடி போட்டுக் கொடுத்ததும் இந்தியாதான். 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது ஏறக்குறைய 80 கோடி டாலர் கடன் வசதியில் நடந்த வேலை. செய்தது இர்கான், நம் அரசு நிறுவனம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலை சீனக் கடனில் வந்தது.

அப்புறம் இரண்டாவது கேள்வி: பணம் எந்த ஊரில் செலவாகிறது? இந்தியா தரும் கடன் வசதிகளில் பொதுவாக நான்கில் மூன்று பங்கு பொருளையும் சேவையையும் இந்தியாவிலேயே வாங்க வேண்டும். பல நாடுகளும் இப்படி ஏதாவது ஒரு கட்டு போட்டுத்தான் கொடுக்கின்றன. ரயில் ஓடுகிறது, மக்களுக்கு நன்மைதான். ஆனால் அறிவித்த தொகை முழுவதும் அந்த மண்ணில் இறங்கியது என்று எண்ணிவிடக் கூடாது.

குடியாத்தம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? அதில் உண்மையிலேயே வீடு கட்ட முடிந்ததா?

புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். பழுது பார்க்க 2,50,000. நம் காசுக்கு அன்றைக்கு இரண்டரை லட்சத்துக்குள்தான். 550 சதுர அடி வீடு. பணம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகவில்லை, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகப் போனது. அடித்தளம் முடிந்ததை நாங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது.

இந்த முறையை நான் மனசார ஆதரிக்கிறேன். ஏன் என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், தறப்பாள் கொட்டகை. தறப்பாள் என்றால் நம் ஊர் தார்ப்பாய். முதல் தவணை வந்த அன்று ஆறு மூட்டை சீமெந்து வாங்கி, மழை நனைக்குமோ என்று தறப்பாளைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு பக்கத்து வீட்டில் படுத்தார். மேசன் (நம் ஊர்க் கொத்தனார்) வைத்த முதல் வரிக் கல்லை மறுநாள் காலை நூல் பிடித்துப் பார்த்து, ஒரு மூலை விலகியிருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விலகித்தான் இருந்தது. பிரித்து மறுபடி வைத்தோம். அது தன் பணம், தன் வீடு என்பதால்தான் அவர் நூல் பிடித்துப் பார்த்தார்.

இனி மறுபக்கம். ஒரே பகுதியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வீடு எழும்பினால் என்ன ஆகும்? மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, தொகை மட்டும் ஏறவில்லை. பலர் நகையை அடகு வைத்தார்கள். அந்த அம்மாவும் கதவு ஜன்னலுக்காக வாரத் தவணைக் கடன் வாங்கினார். வடக்கில் அந்தக் கடன் பெண்களை எப்படி வாட்டியது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: 2018இல் அரசே வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பெண்களின் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வீடு கொடுத்தவர்கள் கூடவே வருமானத்துக்கும் வழி யோசித்திருக்க வேண்டும். கோழி வளர்ப்போ, தோட்டக் கிணறோ, ஏதாவது. இந்தியா 500 டிராக்டர்கள் கொடுத்தது, அது நல்ல வேலை. ஆனால் டிராக்டர் உழுவதற்கு நிலமும், நிலத்துக்குப் பட்டாவும் இருக்க வேண்டும். பலருக்கு இரண்டுமே சிக்கலில் இருந்தன.

ராணிப்பேட்டை, ஷெட் தயாரிப்பாளர்: இவ்வளவு பாடு எதற்கு? தொழிற்சாலையில் தயாரித்த உலோக வீடுகளைக் கொண்டுபோய் இறக்கியிருந்தால் ஒரே வருஷத்தில் எல்லாருக்கும் வீடு கிடைத்திருக்குமே?

இலங்கை அரசே இதை யோசித்தது. 2016இல் 65,000 உலோக வீடுகளுக்குத் திட்டம் வந்தது. ஒரு வீட்டின் விலை 21 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல். அதில் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று உள்ளூர்ப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கடுமையான எதிர்ப்பில் திட்டம் நின்றது. அதுவும் கடனில் வருவதாக இருந்த திட்டம். கொடையா, கடனா என்று கேட்கச் சொன்னேனே, இதற்குத்தான்.

திருப்பத்தூர், ஆசிரியர்: சீனா கடன் பொறி வைத்து அம்பாந்தோட்டையைப் பிடுங்கிக்கொண்டது பற்றிச் சொல்லுங்கள்.

அம்பாந்தோட்டை இலங்கையின் தெற்கில் உள்ள துறைமுகம். அதன் முதல் கட்டக் கடன் சீன அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியுடையது. கப்பல் போதுமான அளவு வரவில்லை. 2017இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் விட்டார்கள், 112 கோடி டாலர் வந்தது. பலர் நினைப்பதுபோல அந்தப் பணத்தில் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, அது அரசின் தலையில் அப்படியே இருந்தது. கிடைத்த டாலர் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது.

2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, அதன் வெளிக்கடனில் பெரிய பங்கு எந்த நாட்டுக்கும் உரியதில்லை, சந்தையில் முதலீட்டாளர்களுக்கு விற்ற டாலர் கடன் பத்திரங்கள். முதல் பத்திரம் விற்றது 2007இல், போர் நடக்கும்போதே. 2010இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கையை நடுத்தர வருமான நாடு என்று உயர்த்தியது. பெயர் உயர்ந்ததும் சலுகை வட்டிக் கடன் குறைந்தது, சந்தைக் கடன் கூடியது. சீனாவை மட்டும் பார்த்தால் இந்தப் பாதி கண்ணில் படாது.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை மேலாளர்: உதவியோடு வரும் நிபந்தனைகள் உள்ளூர்த் தொழிலைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உங்கள் ஊர்க்காரருக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும்.

ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக் 1992 வரை பதினைந்து வருஷம் உள்நாட்டுப் போரில் கிடந்த நாடு. அங்கே முந்திரி பெரிய விளைச்சல். பச்சை முந்திரிக்கொட்டையை வெளியே விற்றால் வரி அதிகம், அதனால் உள்ளூர் ஆலைகளுக்குச் சரக்கு கிடைத்தது. போருக்குப் பின் உலக வங்கி, கடனுக்கு நிபந்தனையாக அந்த வரியைக் குறைக்கச் சொன்னது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வாதம். கொட்டை கப்பலேறி நம் நாட்டுக்கு உடைக்க வந்தது. அங்கே பெரும்பாலான ஆலைகள் மூடின, ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வேலை இழந்தார்கள். விவசாயிக்கும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் போய்ச் சேரவில்லை, லாபம் இடைத்தரகரிடம் தங்கிவிட்டது.

இதையே 1970களில் நம் பாலாற்றங்கரையில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். இந்திய அரசு பச்சைத்தோலையும் அரைப்பதனத் தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு போட்டது. வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் முழுப்பதனத்துக்கும் ஷூவுக்கும் மாறின. ஷூ தைக்கும் வேலைக்கு எத்தனை ஊர்ப் பெண்கள் வேனில் வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தோல் கழிவால் பாலாறு அதற்குக் கொடுத்த விலையும் பெரிது, 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆனாலும் முடிவு எடுத்தது நாம். கடன் கொடுத்தவர் நிபந்தனையாக எழுதியது இல்லை. போரில் அடிபட்டு நிற்கும் நாட்டுக்கு அந்த உரிமை முதலில் போய்விடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

சோளிங்கர் வாசகர்: அம்பாந்தோட்டை சீனாவின் கடன் பொறிதானே சார்?

மேலே சொல்லியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை, ஷெட் தயாரிப்பாளர் (மறுபடியும்): தறப்பாளுக்குக் கீழே ஏழு வருஷம் கிடந்தவனுக்கு இரும்பு வீடு கசக்குமா? நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் மழையில் நனைகிறான்.

அணைக்கட்டு, கொத்தனார்: அண்ணா, நான் இரண்டும் பண்ணியிருக்கேன். சித்திரை வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள மதியம் ஒரு மணிக்கு நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்.

இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். ராணிப்பேட்டை நண்பர் சொன்ன அந்தக் காத்திருப்பு என்னையும் தூங்கவிடாத விஷயம்தான். வேகம் வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் ஒரு இரும்பு வீட்டின் பணத்தில் இரண்டு கல்வீடு என்றால், இரும்பு வீடு வாங்கும்போது இரண்டாவது குடும்பம் தறப்பாளிலேயே இருக்கிறது. அவர்களும் நனைகிறார்கள்.

அப்புறம் கூலிக் கணக்கு. கல்வீடு கட்டினால் கல் அறுப்பவர், மணல் ஏற்றும் டிராக்டர், மேசன், கையாள், தச்சர், கட்டட வேலைக்கு முன்னால் இருக்கும் டீக்கடை என்று எல்லாரும் அந்த ஊர் ஆட்கள். எங்கள் பகுதியில் முன்னே கரண்டி பிடிக்காத பையன்கள் இரண்டு வருஷத்தில் மேசனாகிவிட்டார்கள். இரும்பு வீடு பெட்டியில் வரும், போல்ட் போட்டு மாட்டுவதற்கு நாலு ஆள் போதும். ஐந்து வருஷம் கழித்து ஒரு பலகை துருப்பிடித்தால் அதற்கு மாற்று எந்தக் கடையில் கிடைக்கும்? கல்வீட்டுச் சுவர் விரிந்தால் பக்கத்துத் தெரு மேசன் போதும்.

ராணிப்பேட்டை, ஷெட் தயாரிப்பாளர்: எங்கள் ஷெட்டுகள் இருபது வருஷமாக நிற்கின்றன. வெப்பத்துக்குத் தடுப்பு அட்டை வந்துவிட்டது.

தொழிற்பேட்டைக்கு உங்கள் ஷெட் சரிதான். அங்கே ராத்திரி யாரும் விறகடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. வன்னியில் சமைக்கிறார்கள், திண்ணையில் உட்காருகிறார்கள், மகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு அறை இழுத்துக் கட்டுகிறார்கள். மருத்துவமனை, பள்ளிக்கு அவசரக் கூரை என்றால் முதல் ஆளாக உங்களைக் கூப்பிடுவேன். குடியிருக்கும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். இந்த விஷயத்தில் என் பேச்சு இவ்வளவுதான்.

வேலூர், செவிலியர்: நீங்கள் பேசுவதைக் கேட்டால் வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

அப்படித் தோன்றினால் என் தவறு. நீங்கள் நடந்து போகும் தெருவிலேயே இருக்கிறது பதில். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். அமெரிக்கர் ஒருவர் கொடுத்த பத்தாயிரம் டாலரில் 1902இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது. கட்டடத்தோடு நிறுத்தாமல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று போனதால்தான் கொடுத்தவர் போன பிறகும் அது வளர்ந்தது.

ஜெர்மனியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948 முதல் 1952 வரை மார்ஷல் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் அமெரிக்கா 1,300 கோடி டாலர் அளவுக்கு ஐரோப்பாவுக்குக் கொடுத்தது, பெரும்பகுதி கொடை. ஜெர்மன் வியாபாரி உதவியாக வந்த அமெரிக்கப் பஞ்சை வாங்கினால் விலையைத் தன் நாட்டு நாணயமான மார்க்கில் கட்டுவார், அந்த மார்க் ஒரு நிதியில் சேரும். அதிலிருந்து கே.எஃப்.டபிள்யூ. என்ற வங்கி ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் கடன் கொடுத்தது. திரும்பி வந்த தவணை அடுத்தவருக்குக் கடனாகப் போனது. அந்த வங்கி இன்றும் இருக்கிறது. போதாததற்கு 1953இல் லண்டனில் ஜெர்மனியின் பழைய கடனில் பாதியளவு தள்ளுபடி ஆனது. இலங்கைக்கு 2009இல் இப்படி யாராவது பழைய கடனைக் குறைத்துவிட்டுத் தொடங்கியிருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

வாலாஜா வாசகர்: நம் ஊரிலேயே ஏழைகள் இருக்க, ஏன் அடுத்த நாட்டுக்கு?

2022இல் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு இலங்கைக்குக் கைகொடுத்தது, அதில் பெரும்பகுதி கொடை இல்லை. பக்கத்து வீடு எரியும்போது தண்ணீர் ஊற்றுவது நம் கூரைக்கும் நல்லது.

பேரணாம்பட்டு வாசகர்: சீனா பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

திருப்பத்தூர் ஆசிரியருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இது மூன்றாவது முறை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் போட மாட்டேன்.

அரக்கோணம் இளைஞர்: வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவீர்களா?

முடியாது தம்பி. நில அளவையும் கணக்குப் பதிவும் கற்றுக்கொள், அந்த வேலைகளுக்குத்தான் எப்போதும் ஆள் தேடினார்கள்.

மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து: ஐயா, எங்கட சொந்த இடம் முல்லைத்தீவு. 1990இல வந்தனாங்கள். இப்ப திரும்பிப் போனா எங்களுக்கும் வீடு கிடைக்குமோ?

ஐயா, நான் வேலை பார்த்த அந்தத் திட்டத்தின் பட்டியல் எப்போதோ முடிந்துவிட்டது. அதை நம்பிப் புறப்பட வேண்டாம். 2023 செப்டம்பரில் உங்கள் முகாமில் முதல்வர் திறந்துவைத்த புது வீடுகளில் ஒன்றில் நீங்கள் இருந்தால், அதை விட்டுப் போகும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். காணி உறுதியோ (நிலப் பத்திரம்), பழைய அனுமதிப்பத்திரமோ இருந்தால் நகல் எடுத்து உறவினர் மூலம் பிரதேச செயலகத்தில் காட்டி, இன்று அந்தக் காணி யார் பெயரில், யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவும் குடியுரிமையும் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் அங்கே எந்த உதவிப் பட்டியலிலும் பெயர் ஏறாது. திரும்பிப் போகும் ஏற்பாட்டுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் நேராகப் பேசுங்கள், இடைத்தரகர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். காணிப் பத்திரத்தைப் படிக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை நானே முகாமுக்கு வருகிறேன். பத்திரங்களைக் கையோடு எடுத்து வையுங்கள்.