நான்கு ஆய்வகம், ஒரே நிதி: ஒருங்கிணைப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: நீண்ட டி.என்.ஏ. இழைகளைப் படிக்கும் புதிய வரிசைப்படுத்தல் முறை ஒன்றை நான்கு ஆய்வகங்கள் சேர்ந்து உருவாக்குகிறோம். ஒருங்கிணைப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மாதந்தோறும் கூடிப் பேசியும் ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவோடு ஒத்துப்போவதில்லை. நிதியை நான்காகச் சமமாகப் பிரித்துவிடலாமா? ஆய்வை வெளியே கொண்டுசெல்லும் வேலையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளலாமா?

பதில்: கூட்டங்களைக் கூட்டினால் இது தீராது. நால்வரும் ஆளுக்கொரு டி.என்.ஏ. மாதிரியை வைத்து வேலை செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கோளாறு கருவியிலா மாதிரியிலா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு மாதிரிதான் முதல் வேலை. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், 'ஜீனோம் இன் எ பாட்டில்' கூட்டமைப்பு வழியாக 2015இல் மனித டி.என்.ஏ. ஒன்றை ஒப்பீட்டுப் பொருளாகவே வெளியிட்டது. அதன் வரிசையில் பெரும்பகுதி ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது என்பதால், உங்கள் முறை எங்கே தவறிப் படிக்கிறது என்பது உடனே வெளிச்சமாகிவிடும்.

மிக நீண்ட இழைகள் தேவையென்றால் அதே நபரின் செல்கள் செல் வங்கியில் கிடைக்கின்றன. அவற்றை ஓர் ஆய்வகம் மட்டும் வளர்த்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, மற்ற மூவருக்கும் அனுப்பட்டும். அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். உறையவைத்து உருக்கினாலே நீண்ட இழைகள் துண்டுதுண்டாகிவிடும். திரவத்தை எடுக்கும் குழலான பிப்பெட்டின் முனை குறுகலாக இருந்து, அதில் வேகமாக உறிஞ்சினாலும் அதே கதி. நான்கு டிகிரிக் குளிரில், உறையாமல் அனுப்புங்கள். அகன்ற முனையால் மெதுவாக எடுங்கள். குப்பி போய்ச் சேர்ந்ததும் பெறுபவர் இழை நீளத்தை அளந்து எழுதிவைக்கட்டும். பின்னால் எழும் பாதிச் சண்டைகளை அந்த ஓர் எண்ணே முடித்துவைக்கும்.

அடுத்தது பெயர். ஓர் ஆய்வகத்தில் 'எஸ்-7', இன்னொன்றில் 'எஸ்07' என்று ஒரே குப்பி இரண்டு மாதிரியாகிவிடும். கோப்புகளை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். செப்டின், மார்ச் ஆகிய குடும்பங்களைச் சேர்ந்த மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. அன்று மென்பொருள் அசைந்துகொடுக்கவில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுதான் 2020இல் பெயர்களையே மாற்றியது!

இனிப் பணம். சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் செல் வளர்ப்பவரின் செலவும் கணினியில் தரவை அலசுபவரின் செலவும் ஒன்றல்ல. வேலையைப் பார்த்துப் பிரியுங்கள். அதோடு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். தொழில்நுட்ப ஆய்வில் முதல் ஆண்டு நம்பிய வழி இரண்டாம் ஆண்டு அடைபடுவது வாடிக்கை. அப்போது ஐந்தாவது ஆய்வகம் ஒன்றை உள்ளே இழுக்கக் கையில் காசு இருக்க வேண்டும். அந்தப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல நிதி தருபவர் விடுவாரா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரவைப் பராமரிப்பவரின் சம்பளமும் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கட்டும். இளநிலை ஆய்வாளர் ஒருவர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு நிறுவனமான என்.ஐ.எச். 2023 ஜனவரி முதல் தரவு மேலாண்மைத் திட்டத்தை விண்ணப்பத்தோடே கேட்கிறது; அதற்கான செலவை பட்ஜெட்டில் காட்டவும் அனுமதிக்கிறது.

தரவை எப்போது வெளியிடுவது என்பதையும் நான்கு ஆய்வகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். மனித மரபணுத்தொகுதித் திட்டத்தினர் 1996இல் பெர்முடாவில் கூடி, ஆயிரம் எழுத்துகளைத் தாண்டிய வரிசைத் தொகுப்புகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த வேகம் உங்களுக்குத் தேவையில்லை. தேதி ஒன்று தேவை. கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையும், முடிவுகள் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

வெளியே கொண்டுசெல்வதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். தொழில்நுட்ப ஆய்வுக்கு முதல் பார்வையாளர் இன்னோர் ஆய்வகம்தான். உங்களோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் செய்முறையைப் படித்து, உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல் செய்து முடிக்கிறாரா? இரண்டாம் ஆண்டிலேயே சோதித்துப் பாருங்கள். விளம்பரக் காணொளியைவிட இது பெரிய வேலை, பயனும் அதிகம்.

இன்னொரு தரப்பு, மாதிரி கொடுக்கும் மக்கள். அவர்களிடம் முதல் நாளே பேச வேண்டும். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பிக் கொடுத்த ரத்தம் மனச்சிதைவு, இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. வழக்கு நடந்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் 7 லட்சம் டாலர் கொடுத்ததோடு ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. உங்கள் ஒப்புதல் படிவத்தில் 'புதிய கருவிகளைச் சோதிக்கவும்', 'பிற ஆய்வகங்களோடு பகிரவும்' என்ற இரண்டு பயன்பாடுகளும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். படிவம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால், இந்த வாரமே நான்கு நிறுவனங்களின் நெறிமுறைக் குழுக்களுக்கும் அதை அனுப்புங்கள். ஒரு குழு அனுமதிப்பதை இன்னொன்று மறுப்பதுண்டு.