அமெரிக்காவில் சட்டம் படிக்க விரும்பும் மகளுக்கு: கல்லூரிக்கு முன் மாநிலத்தைத் தீர்மானியுங்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஐந்தாண்டுச் சட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள் அமெரிக்காவில் எல்எல்.எம். என்னும் சட்ட முதுநிலைப் பட்டம் படித்து அங்கேயே வழக்கறிஞராக விரும்புவதாகவும், அதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடனுக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அமெரிக்கா முழுவதற்கும் செல்லுபடியாகும் வழக்கறிஞர் உரிமம் என்று ஒன்று கிடையாது. தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து அகில இந்திய பார் தேர்விலும் தேறியவர் தில்லியிலும் வாதாடலாம். ஆனால் நியூயார்க்கில் உரிமம் பெற்றவர், பக்கத்திலிருக்கும் நியூஜெர்சி மாநில நீதிமன்றத்தில் வாதாட அம்மாநிலத்தின் அனுமதியைத் தனியே பெற வேண்டும்.

இதற்கான காரணம் அந்நாட்டு நீதிமன்றங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் நாட்டில் மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும், கீழமை நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே படிநிலைதான். அங்கே 50 மாநிலங்களும் தத்தம் நீதிமன்றங்களைத் தனித்தனியே வைத்திருக்க, அவற்றுக்கு இணையாக 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றமும் அடங்கிய கூட்டாட்சி அமைப்பு, அதாவது மத்திய அரசின் நீதிமன்ற அமைப்பு, இயங்குகிறது. திவால், காப்புரிமை, குடியேற்றம் போன்றவை கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒப்பந்தம், சொத்து, மணமுறிவு, விபத்து இழப்பீடு, பெரும்பாலான குற்றங்கள் ஆகிய அன்றாட வாழ்க்கையின் சட்டமெல்லாம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. நீதிமன்றப் பெயர்கள்கூட ஒன்றுபோல் இல்லை. நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம், அம்மாநிலத்தின் இறுதி நீதிமன்றம் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்.

மாநிலச் சட்டத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 1938-இல் தீர்ப்பான ஈரி ரயில்ரோடு எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கு காட்டுகிறது. பென்சில்வேனியாவில் இரவில் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடந்துபோன டாம்ப்கின்ஸ் என்பவர், சரக்கு ரயிலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தாக்கி வலக் கையை இழந்தார். பென்சில்வேனியாவின் சட்டப்படி அத்தகைய பாதையில் நடப்பவர் அத்துமீறி நுழைந்தவராகவே கருதப்படுவார் என்பது ரயில் நிறுவனத்தின் வாதம். ஆகவே அவர் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார். நாட்டுக்குப் பொதுவான சட்டக் கோட்பாடுகளின்படி தீர்ப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 30,000 டாலர் இழப்பீடும் பெற்றார். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையிலான வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தாலும் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும், கூட்டாட்சிக்கென, தீர்ப்புகளின் வழியே உருவான தனியான பொதுச் சட்டம் எதுவும் இல்லை என்று கூறிவிட்டது. இந்தத் தீர்ப்பைத் தங்கள் மகள் முழுமையாகப் படிக்கட்டும். அதைப் படித்தும் அவருக்கு ஆர்வம் குறையவில்லையென்றால், அந்த ஆர்வத்தை நான் முழுமனதோடு மதிப்பேன்.

அங்கே பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர் முடிவு சொல்லும் ஜூரி முறை இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதையும், குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கே போகாமல் அரசுத் தரப்புடன் செய்துகொள்ளும் உடன்பாட்டில் முடிகின்றன என்பதையும் அவர் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

இனி உரிமத்துக்கு வருகிறேன். அமெரிக்கர்கள் பட்டப்படிப்புக்குப் பின் ஜே.டி. என்னும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பை முடித்து, உரிமத்துக்கான பார் தேர்வை எழுதுகிறார்கள். ஓராண்டு எல்எல்.எம். அதற்கு ஈடாகாது, பல மாநிலங்கள் அதை மட்டும் வைத்துத் தேர்வெழுத விடுவதில்லை. வெளிநாட்டவர் பெரும்பாலும் நாடுவது நியூயார்க்கையும் கலிபோர்னியாவையும்தான். கலிபோர்னியாவில், தம் நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் எல்எல்.எம். இல்லாமலேயே தேர்வெழுதலாம், ஆகவே இங்கே பதிவு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். நியூயார்க், இந்தியா போன்ற ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபுள்ள நாட்டில் போதிய காலம் படித்தவரை நேரடியாகவும் அனுமதிக்கக்கூடும். காலத்திலோ உள்ளடக்கத்திலோ ஏதேனும் ஒன்றில் குறை இருந்தால் மட்டுமே எல்எல்.எம். கொண்டு அதை ஈடுகட்டச் சொல்லும். அந்த எல்எல்.எம். 24 கிரெடிட் கொண்டதாகவும், தொழில் நெறி, சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம், பார் தேர்வுப் பாடங்கள் ஆகியவற்றை உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் கவர்ச்சியாகத் தெரியும் சிறப்புப் பிரிவுகளில் சேர்ந்துவிட்டு, இந்தப் பாடங்களை எடுக்காததால் தேர்வெழுத முடியாமல் போவது பெரும் துயரம்.

தேர்வில் தேறினாலும் வேலை உறுதியில்லை. படிப்புக்குப் பின் மாணவர் விசாவில் பணியாற்ற வழக்கமாக ஓராண்டுதான் கிடைக்கும். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதன் பிறகும் எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வர வேண்டும். இத்தனை நிச்சயமின்மைகளின் மேல் குடியிருக்கும் வீட்டை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இங்கேயே ஓரிரு ஆண்டுகள் வழக்கறிஞராகவோ, அமெரிக்க ஒப்பந்தங்களைக் கையாளும் நிறுவனத்திலோ பணியாற்றிவிட்டுச் சென்றால், கைச்சேமிப்பும் இருக்கும், வேலை தருபவரிடம் காட்ட அனுபவமும் இருக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, மகளின் பட்டம் தேர்வெழுதப் போதுமானதா என்று மதிப்பிடும்படி நியூயார்க் மாநிலத்தின் பார் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிப்பதுதான். விடை வர மாதக்கணக்கில் ஆகலாம். அது எழுத்தில் வந்து சேரும் வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.