பிய்க்காதீர்கள், தேய்க்காதீர்கள்: பழைய தாள்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. நான்காக மடித்தவை. பிரித்தால் மடிப்பில் கிழிகின்றன. சிலவற்றில் குண்டூசி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனர் வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஸ்கேனரைக் கொஞ்ச நாள் மூடியே வையுங்கள். முதல் வேலை, கட்டை இருக்கிறபடியே ஒரு படம் எடுப்பது. எந்தக் கடிதத்தோடு எதைக் குத்திவைத்தார் என்பதும் அவர் விட்டுப்போன தகவல்தான். குண்டூசியை உருவியபிறகு அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து, ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் ஓர் எண். பேனா கூடவே கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளின் நாரும் சேர்ந்து வரும். மெல்லிய பாலியெஸ்டர் ஷீட்டில் (துணியல்ல, தெளிவான பிளாஸ்டிக் தாள்) சின்னத் துண்டு வெட்டி, ஊசிக்கும் தாளுக்கும் நடுவே செருகி, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். துருவின் பிடி விட்டதும் ஊசி தானாக வரும். ஸ்டேப்ளர் பின் என்றால் தாளைத் திருப்பிப்போட்டு இரண்டு கால்களையும் தட்டையான மழுங்கிய தகட்டால் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமாக எடுங்கள். பின் பிடுங்கும் கருவி அலுவலகத்துக்கு நல்லது, உங்கள் தாத்தாவுக்கு அல்ல.

இனி மடிப்பு. பிரிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்த தாளுக்குக் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும், தண்ணீர் வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈரமான மையொற்றுத் தாள், அதற்கு மேலே உயரமாக ஒரு வலைத்தட்டு, தட்டின்மேல் கடிதம். சில மணி நேரத்தில் தாள் தளர்ந்துவிடும். அடிக்கடி திறந்து பாருங்கள். இரவு முழுக்க விட்டால் பூஞ்சை வரலாம். பிறகு விரித்து, உலர்ந்த மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே சமமான எடை ஏற்றுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மையைப் பாருங்கள். இரும்பும் டானின் என்ற தாவரத் துவர்ப்புப் பொருளும் கலந்து செய்த பழைய மை காலப்போக்கில் பழுப்பாகி, தாளையே அரிக்கும். ஈரம் பட்டால் அந்த இரும்பு எழுத்தைச் சுற்றிப் பரவி மேலும் கெடுக்கும். ஊதாப் பென்சில் எழுத்தும் சில பேனா மைகளும் ஈரத்தில் கலைந்துவிடும். அப்படிப்பட்ட கடிதங்களைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். பிரிகிற அளவுக்குப் பிரித்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். மடிப்புக் கோடு படத்தில் விழுந்தால் விழட்டும். படிக்க முடிந்தால் போதும் என்பது என் கட்சி. இஸ்திரிப் பெட்டியை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கேள்வி: கிழிசலில் ஒட்டிய செல்லோடேப் மஞ்சளாகிவிட்டது. பிய்த்துவிட்டுப் புது டேப் ஒட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். டேப்பின் ரப்பர் பசை காற்றுப்பட்டு மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டிருக்கும். பிய்த்தால் எழுத்து டேப்போடு போகும். டேப் வழியாக எழுத்து தெரிகிறதென்றால் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பசை பிசுபிசுத்தால் ஸ்கேனர் கண்ணாடிமேல் தெளிவான பாலியெஸ்டர் ஷீட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டுதுண்டான தாளையும் ஒட்ட வேண்டியதில்லை, பாலியெஸ்டர் உறைக்குள் அருகருகே பொருத்தி அடுக்கினால் ஒரே படத்தில் வந்துவிடும். ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் கொண்டு சரிசெய்வது தனிப் பயிற்சி. ஸ்கேன் செய்வதற்கு அது தேவையில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் லாமினேட் செய்துவிட்டால் நிம்மதிதானே?

பதில்: 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பேரோ என்பவரும் இப்படித்தான் நம்பினார். செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டில் ஒட்டும் அவருடைய முறையைப் பல ஆவணக் காப்பகங்கள் பின்பற்றின. பின்னால் கைவிட்டன. அந்தப் படலத்தைக் கரைத்து எடுப்பது இன்றும் பெரிய வேலை. தாளில் ஒட்டாத பாலியெஸ்டர் உறை போதும். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாமே.

கேள்வி: வெள்ளைக் கையுறை கட்டாயமா?

பதில்: சினிமாவில் கட்டாயம். தாளுக்குக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். பருத்தி உறை தொடு உணர்வை மழுக்கும், பிசிறிய ஓரத்தில் மாட்டி இழுக்கும். புகைப்படம், நெகட்டிவ் இவற்றுக்கு மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள், விரல் எண்ணெய் தடம் பதித்துவிடும்.

கேள்வி: நாட்குறிப்புகள், கத்தரித்துவைத்த செய்தித்தாள் துண்டுகள், நெகட்டிவ்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது?

பதில்: எது சீக்கிரம் அழியுமோ அதை. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அசிடேட் நெகட்டிவ்கள் சிதைய ஆரம்பித்துவிட்டன என்று பொருள். அந்த ஆவி பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும். அவற்றை உடனே தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் பழுப்பேறி நொறுங்கும். அதைத் தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் போடவே கூடாது. பின்பக்க அச்சு முன்னால் தெரிந்தால் அடியில் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள். நாட்குறிப்பைக் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு விட்டுப்போகும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, கிட்டத்தட்ட செங்கோண அளவுக்கே திறந்து, ஒவ்வொரு பக்கமாகக் கேமராவில் எடுங்கள். அது கடைசியில் இருக்கட்டும், அவசரமில்லை.