இரண்டாம் டிகாஷன்

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டு எல்லையோர வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். நரசுஸ் காப்பியின் பழைய ‘பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு’ விளம்பரத்தை மகள் போனில் போட்டுக் காட்டினாள். கேட்டதும் அழுதுவிட்டேன். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அதே பில்டர்தான், அம்மாவின் கைப்பக்குவம் மட்டும் வரவில்லை. நாம் ஏங்குவது வீட்டுக் காப்பிக்கா, விளம்பரத்துக் காப்பிக்கா?

அன்புடன்,
ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

நான் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். நம் வீடுகளில் யாரும் ‘நன்னாயிருக்கு’ என்று சொன்னதில்லை. அது பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துப் பேச்சு. சேலத்தில் 1926இல் தொடங்கிய கம்பெனியின் காப்பி அந்தப் பேச்சில் விற்றதற்குக் காரணம், நல்ல காப்பி என்றால் அந்த வீட்டுக் காப்பிதான் என்று எல்லாரும் நம்பியதுதான்.

எங்கள் அப்பா தோப்புக்கும் கட்டுத்தறிக்கும் நடந்தே தேய்ந்தவர். அம்மா எதை வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். உப்புக் கூடினால்தான் வாய் திறக்கும். பக்கத்து வீட்டு டிவியில் அந்த விளம்பரத்தைப் பார்த்த மறுநாள் விடியற்காலை, திண்ணையில் உட்கார்ந்து டவராவில் ஆற்றி ஒரு வாய் குடித்தவர், உள்ளே திரும்பாமலே ‘பேஷ் பேஷ்’ என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு அவ்வப்போது சொல்வார். சொந்தப் பேச்சில் வராத பாராட்டு இரவல் பேச்சில் வந்தது. அதற்காகவே அந்த விளம்பரத்தின்மேல் எனக்குத் தீராத பிரியம்.

ஆனால் அப்பா குடித்தது முதல் டிகாஷன். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குவது இரண்டாவது. சாயம் இருக்கும், மணம் இருக்காது. பிள்ளைகளுக்கும் ஆட்களுக்கும் அதுதான். எல்லாரும் குடித்தபின் பால் தீர்ந்திருக்கும். மிச்சத்தில் வெல்லம் போட்டுக் கடுங்காப்பியாக அம்மா குடிப்பாள். முதல் டிகாஷனில் அவள் குடித்து நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த காப்பி விளம்பரம் எதிலும் போட்டுக் கொடுத்தவளின் டம்ளர் வந்ததில்லை. எனக்கு ஏக்கம் காப்பிமேல் இல்லை, அந்த டம்ளர்மேல்தான்.

கைப்பக்குவம் என்றீர்கள். முதலில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கலவைப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு வேர். கெட்டியும் கறுப்பும் தரும், காப்பி மணம் அதில் கிடையாது. கடையில் கண்ணெதிரே அரைத்த பொடியை வாங்கி, நூற்றுக்கு இருபதுக்குமேல் சிக்கரி வேண்டாம் என்று சொல்லுங்கள். பில்டருக்குள் பொடியின்மேல் வைக்கும் குடையால் பொடியை இறுக்கி அமுக்காதீர்கள். அவசரப்பட்டு பில்டரைத் தட்டாதீர்கள், தானாக இறங்கட்டும்.

இறங்கியதும் முதல் டிகாஷனை நீங்கள் குடியுங்கள். உங்கள் அம்மா எதைக் குடித்தார்கள் என்று ஞாபகமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்