ஸ்பேஸ் பார் சத்தத்துக்கு 180 வெள்ளி தர வேண்டாம்

கேள்வி: நான் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். தமிழ்99 என்ற விசைமுறையில் நாள்தோறும் பல மணி நேரம் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன்பு கடை ஒன்றில், முழுப் பலகையைவிடச் சிறிய, 75 விழுக்காட்டு அளவு எனப்படும் மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கினேன். விசைகளின் அடியில் பழுப்பு நிற சுவிட்ச், கழற்றி மாட்டக்கூடிய ஹாட் ஸ்வாப் வகை. ஸ்பேஸ் பார் கடகடவென்று சத்தம் போடுகிறது. இரவில் வேலை செய்தால் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. வலது சுண்டுவிரலும் வலிக்கிறது. இணையச் சந்தையில் ஒருவர் 180 வெள்ளிக்கு எல்லாச் சுவிட்சுகளுக்கும் மசகிட்டு, உள்ளே நுரைப்பஞ்சு வைத்து, விசைமூடிகளையும் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். பணத்தைப் பேநவ் வங்கிப் பரிமாற்றம் மூலம் முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனித் தொல்லைகள். அவர் விற்பது அந்த மூன்றுக்குமான மருந்து அன்று. ஸ்பேஸ் பார் சத்தத்துக்குக் காரணம் ஒன்று, குழந்தை விழிப்பதற்குக் காரணம் வேறு, விரல் வலிக்குக் காரணம் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பவரிடம், எந்த வேலை எந்தத் தொல்லையைத் தீர்க்கும் என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் வராது.

முதலில் ஸ்பேஸ் பார். நீளமான விசைகள் ஒரு பக்கம் மட்டும் சாயாமல் இருப்பதற்காக அவற்றின் அடியில் ஒரு கம்பியும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளும் இருக்கும். அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். உங்கள் பலகையில் ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், இடப்பக்க ஷிஃப்ட் ஆகியவற்றின் அடியில் இருக்கும். கம்பியின் முனை பிளாஸ்டிக்குக்குள் தளர்ந்து தட்டுவதுதான் அந்தக் கடகடப்பு. ஸ்பேஸ் பாரின் நடுவே மெதுவாகத் தட்டுங்கள், பிறகு இரு ஓரங்களிலும் தட்டுங்கள். ஓரங்களில்தான் சத்தம் அதிகம் என்றால் சந்தேகமே வேண்டாம். எண்பதுக்கு மேற்பட்ட சுவிட்சுகளுக்கு மசகிட்டாலும் இந்தச் சத்தம் போகாது, ஏனென்றால் அது சுவிட்சிலிருந்து வரவில்லை.

இதை நீங்களே சரிசெய்யலாம். கணினியிலிருந்து கம்பிவடத்தைப் பிடுங்கிவிடுங்கள். கம்பியால் ஆன மூடி இழுப்பானால் ஸ்பேஸ் பாரை நேராக மேல்நோக்கி இழுங்கள். ஒரு பக்கமாக நெம்பக் கூடாது. மின்சாரம் கடத்தாத சிலிகான் கிரீஸ் ஒரு சிறு குழாய் வாங்கி, முனை மழுங்கிய ஊசிக்குழலால் கம்பி நுழையும் துளையில் இரு பக்கமும் சிறிதளவு செலுத்துங்கள். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் பக்கங்களில், விசைப்பலகைக்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் கிரைடாக்ஸ் 205 ஜி0 மசகை மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு பூசினால் போதும். அதிகம் பூசினால் விசை சேற்றில் மாட்டியது போல மெதுவாக மேலே வரும். இரண்டும் சேர்ந்து 20 வெள்ளியைச் சுற்றித்தான் ஆகும், பல ஆண்டுகளுக்கு வரும். அப்படியும் சத்தம் நிற்கவில்லை என்றால் கம்பி வளைந்திருக்கிறது. அதைக் கழற்றிக் கண்ணாடிப் பரப்பில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை மேலே தூக்கினால் விரலால் மெல்ல வளைத்து நேராக்க வேண்டும்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் அது எப்போதும் நீராகவே இருக்கும், ஓடி சுவிட்சின் உலோகத் தொடர்புக்குள் இறங்கும், நாளடைவில் பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெயும் வேண்டாம். துரு நீக்கும் தெளிப்பானும் வேண்டவே வேண்டாம்.

குழந்தையின் தூக்கத்துக்கு வருகிறேன். வீவக அடுக்குமாடி வீட்டில் மேசை சுவரை ஒட்டியிருக்கும், சுவருக்கு அப்பால் கட்டில் இருக்கும். விசை அடியில் மோதும் அதிர்வு மேசை வழியாகப் பரவுவதுதான் பெரும்பகுதிச் சத்தம். ஆகவே முதல் வேலையாகப் பலகைக்கு அடியில் கனமான துணி விரிப்பு ஒன்றைப் போடுங்கள். மேசையைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். பலகையைத் திறக்க அஞ்சாதவரானால், உள்ளிருக்கும் மின்சுற்றுத் தட்டின் பின்புறம் காகித ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டலாம். சத்தத்தின் கூர்மை குறையும். உலோகத் தாள் கலந்த நாடாவை ஒட்டினால் பலகை பாழாகும். விசைமூடிக்குள் மாட்டும் ரப்பர் வளையங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவை விசையின் பயணத்தைக் குறுக்கி, அழுத்தும்போது பஞ்சில் குத்துவது போன்ற உணர்வைத் தருகின்றன. இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் உள்ளே மேலும் கீழும் நகரும் தண்டிலேயே ரப்பர் பதித்த அமைதி சுவிட்சுகளுக்கு மாறுங்கள்.

இனி விரல் வலி. இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். விசைப்பலகை பற்றிய அறிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் வலது சுண்டுவிரலுக்கு எழுத்து வேலை மிகக் குறைவு. தமிழ்99இல் நிலைமை வேறு: உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ண, ந, ய, ச, ஞ, ழ ஆகிய ஆறும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. ந, ய, ச மூன்றும் எத்தனை முறை வருகின்றன என்று உங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். போதாததற்குச் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் அந்த விரல் எட்டித் தாவ வேண்டும், பேக்ஸ்பேஸும் என்டரும் அதன் தலையிலேயே விழுகின்றன. கையின் மிக நலிந்த விரலுக்கு மிக அதிக வேலை.

ஆகவே எல்லாச் சுவிட்சையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த ஆறு விசைகளின் சுவிட்சை மட்டும் மென்மையான ஸ்பிரிங் உள்ளவையாக மாற்றுங்கள். ஹாட் ஸ்வாப் பலகையின் உண்மையான பயன் இதுதான். பற்றவைக்க வேண்டாம், இழுத்து மாட்டினால் போதும். சுவிட்சுகள் பத்துப் பத்தாகவும் கிடைக்கின்றன. செர்ரி நிறுவனத்தின் சிவப்புச் சுவிட்சை இயக்க 45 கிராம் அழுத்தம் போதும், கறுப்புக்கு 60 கிராம். பழுப்பில் நடுவே ஒரு முட்டு இருப்பதால் அதைக் கடக்க சிவப்பைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தம் வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில கடைகள் எழுத்து பதிவாகும் இடத்தில் உள்ள அழுத்தத்தை எழுதுகின்றன, சில கடைகள் அடிவரை போகத் தேவையான அழுத்தத்தை எழுதுகின்றன. இரண்டும் வெவ்வேறு எண்கள். எது என்று கேட்காமல் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதனால் பாழான பலகைகளே என்னிடம் அதிகம் வருகின்றன. 'ஹாட் ஸ்வாப்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலே எந்தச் சுவிட்சும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். மலிவான பலகைகள் சிலவற்றில், குறிப்பாகச் சற்றுப் பழையவற்றில், அவுட்டெமு நிறுவனச் சுவிட்சின் மெல்லிய கால்களுக்கென்றே செய்த குறுகிய குழாய்த் துளைகள் இருக்கும். செர்ரி, கேட்ரான், கைல் ஆகிய நிறுவனங்களின் சுவிட்சுக் கால்கள் அவற்றைவிடத் தடிமனானவை. வலுக்கட்டாயமாகத் திணித்தால் குழாய் பிளந்துவிடும். பிறகு பழைய சுவிட்சும் அதில் நிற்காது. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சுவிட்சைப் பிடுங்கி மேலிருந்து துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். துளையின் விளிம்பிலேயே சிறு உலோகக் குழாய் பளபளத்தால் அது அந்த வகை. அவுட்டெமு சுவிட்சுகளையே வாங்குங்கள். துளை வெறுமையாகத் தெரிந்து, உலோகப் பிடி தட்டின் அடிப்பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. ஐயமாக இருந்தால் பிடுங்கிய சுவிட்சைக் கையோடு கடைக்குக் கொண்டு போய், அதன் கால்களைப் புதியதன் கால்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாலேயே தெரியும். இன்னொன்று, சில சுவிட்சுகளில் உலோகக் கால்களோடு கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். உங்கள் தட்டில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் நறுக்கிவிடலாம். அதனால் கேடில்லை. ஒளியால் இயங்கும் ஆப்டிகல் சுவிட்சுகள் இந்தக் கணக்கிலேயே சேரா, அவற்றை வாங்காதீர்கள். எதை மாட்டினாலும் இரு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, நேர்செங்குத்தாக இறக்குங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் கால் மடங்கி அடியில் நசுங்கும். விசை வேலை செய்யாது. பலகை கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

பலகையின் பின்கால்களை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். விரலில் மரமரப்போ இரவு வலியோ இருந்தால் சுவிட்ச் மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

அந்த 180 வெள்ளிக்காரரைப் பற்றி. இப்போது விற்கும் சுவிட்சுகள் பலவும் தொழிற்சாலையிலேயே மசகிடப்பட்டு வருகின்றன. அதன் மேல் மறுபடி மசகிடப் பணம் கேட்கிறார்கள். உங்களுடையது முட்டு உள்ள பழுப்பு வகை. தண்டின் முட்டுப் பகுதியில் மசகு பட்டால் அந்த உணர்வே மழுங்கிவிடும். அவசரக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே தூரிகையால் பூசிவிடுகிறார்கள். மூடிய சுவிட்சுக்குள் எந்த மசகு இருக்கிறது, உங்கள் சுவிட்ச்தானா, மலிவானதா என்பதை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைத்ததாகச் சொல்லிச் 'சுங்க வரி' என்று தனியாகக் கேட்பதும் ஒரு வழக்கம். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட இத்தகைய பொருளுக்கு எல்லையில் பொருள் சேவை வரி வசூலிப்பதில்லை. 2023 ஜனவரி முதல் பதிவுபெற்ற பெரிய இணையத் தளங்கள் அந்த வரியை விலையோடு சேர்த்தே வாங்கிவிடுகின்றன. இரண்டாவது முறை கொடுக்காதீர்கள்.

புதிய விசைமூடிகளும் அவசரமில்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக் வழவழத்துப் பளபளக்கும், பிபிடி அவ்வளவு விரைவில் பளபளக்காது. மாற்ற வேண்டுமானால் பிபிடி வாங்குங்கள். எஃப் விசையில் சிறு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்99இல் மெய்யெழுத்தின் புள்ளி அங்கேதான். தமிழ் எழுத்துப் பொறித்தது கேட்டால் கடைக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் நடந்தது இந்தச் சிங்கப்பூரில்தான். அரசாங்க மொழி நான்கில் ஒன்று தமிழ். ஆனாலும் கடையில் ஒரு தமிழ் விசைமூடித் தொகுதி எடுத்துக்காட்ட ஆளில்லை. இதை நான் பொறுத்துக்கொள்ளப் பழகவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கடையில் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. இங்குள்ள 'லெமன்' சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியும் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாம் ஆள் பலகையைத் திறந்துவிட்டால் அந்த வாதம் வலுவிழக்கும். ஆகவே மசகு தொடுவதற்கு முன்பே ரசீதையும் சத்தத்தின் காணொளியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 'பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம்' என்ற அறிவிப்பைக் காட்டுவார்கள். அந்த அறிவிப்பு சட்டம் தந்த உரிமையைப் பறிக்காது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கிறது. ஆனால் நூறு இருநூறு வெள்ளிக்காக விடுப்பு எடுத்து அங்கே போக யாருக்கு நேரம் இருக்கிறது? விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. நீங்கள் குறைந்தது எழுத்துமூலமாகக் கேளுங்கள், பதிலையும் எழுத்துமூலமாக வாங்குங்கள்.

கடை கைவிட்டு, நீங்களே செய்யவும் தயக்கம் என்றால், வேறொருவரிடம் ஸ்டெபிலைசர் வேலையை மட்டும் கொடுங்கள். விலையை வேலை வாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் திரும்பக் கேளுங்கள். ஸ்பேஸ் பாரின் இரு ஓரங்களையும் அவர் முன்னாலேயே தட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.