நிறுவலின் முடிவில் கியூ.ஈ.டி. போடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் கேத்திரகணித நிறுவல் ஒவ்வொன்றின் கீழேயும் கியூ.ஈ.டி. என்று எழுதுகிறானாம். டியூஷனில் பழகியதாம். அதற்கு என்ன பொருள், தமிழில் எழுதும்போது அது தேவையா?

தேவையில்லை, தமிழில் 'நிறுவப்பட்டது' என்று எழுதினாலே போதும். ஆனால் பொருளைத் தெரிந்துகொள்ளட்டும், அது அவனுக்கு உண்மையிலேயே உதவும்.

'குவோட் எராட் டெமொன்ஸ்ட்ராண்டும்' என்ற மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள்தான் இவை. பலர் நினைப்பதுபோல இதற்கு 'முடிந்தது' என்று அர்த்தமில்லை. 'எதை நிறுவ வேண்டியிருந்ததோ, அது இதுவே' என்று அர்த்தம். நம் பாடநூல்களில் தரவுக்கு அடுத்து 'நிறுவ வேண்டியது' என்று ஒரு தலைப்பு வருகிறதே, டெமொன்ஸ்ட்ராண்டும் என்பது ஏறக்குறைய அதே சொல்தான். அதாவது கடைசி வரியில் நின்றுகொண்டு மேலே உள்ள அந்தத் தலைப்பைக் கைகாட்டுகிறோம்.

இது லத்தீனில் பிறந்ததும் அல்ல. கி.மு. 300 அளவில் யூக்ளிட் கிரேக்கத்தில் 'ஹோபெர் எதெய் தெய்க்ஸாய்' என்று தேற்றங்களை முடித்தார், லத்தீன் அதன் மொழிபெயர்ப்பு. தரப்பட்ட கோட்டின் மீது சமபக்க முக்கோணி அமைப்பதுபோன்ற அமைப்புகளுக்கு மட்டும் அவர் 'செய்ய வேண்டியிருந்தது இதுவே' என்று வேறு சொல் வைத்திருந்தார், அதன் லத்தீன் சுருக்கம் கியூ.ஈ.எஃப். இவ்வளவு கவனமாகப் பிரித்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். (இப்போது புத்தகங்களில் நிறுவலின் கடைசியில் வரும் சிறு சதுரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் பால் ஹால்மோஸ் என்ற கணிதவியலாளர், சஞ்சிகைகளில் கட்டுரை முடியும் இடத்தில் போடும் குறியிலிருந்து எடுத்தது.)

சரி, மகனுக்கு வருவோம். இருசமபக்க முக்கோணியில் சம பக்கங்களுக்கு எதிரான கோணங்கள் சமன் என்று நிறுவச் சொன்னால், நிறையப் பிள்ளைகள் உச்சியிலிருந்து கோடு வரைந்து பிரித்த இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசையும் (அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே) என்று காட்டியதும் கியூ.ஈ.டி. போட்டுவிடுகிறார்கள், ஆனால் கேட்டது ஒருங்கிசைவை அல்ல, கோணங்களை. ஒத்த கோணங்கள் என்பதால் அவை சமன் என்ற வரி இன்னும் வரவில்லை. அதனால் அந்த எழுத்துகளைப் போடுமுன் 'நிறுவ வேண்டியது' என்ற வரியையும் தன் கடைசி வரியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம்.