சாவி கொடுக்கும் தகரக் காருக்குப் புதிய பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். நியூரம்பெர்க் பொம்மை அருங்காட்சியகத்தைப் பார்த்த ஆர்வத்தில், பழம்பொருள் சந்தையில் ஷூகோ என்ற ஜெர்மன் பொம்மை நிறுவனத்தின் எக்ஸாமிகோ 4001 என்னும் சாவி கொடுக்கும் தகரக் கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர் அதை 1936ஆம் ஆண்டுக் கார் என்றார். அடியில் ‘மேட் இன் யுஎஸ் ஸோன் ஜெர்மனி’ என்றிருக்கிறது. உதிர்ந்த பெயிண்டைப் புதிதாக அடித்தால் அருங்காட்சியகத் தரத்துக்கு வந்துவிடும், விலையும் ஏறும் என்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வியாபாரியின் சொல்லை இனி எதிலும் நம்பவும் வேண்டாம். பிஎம்டபிள்யூ 328 காரின் சாயலில் கியர், கிளட்ச், கைப்பிரேக்குடன் ஷூகோ இந்தப் பொம்மையை 1936இல் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது அறிமுகமான ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் கார் தயாரான ஆண்டு அல்ல. போருக்குப் பின் அமெரிக்கப் படைகளின் ஆளுகையில் இருந்த பகுதியில் தயாரான பொருள்களில்தான் அந்த முத்திரை இடப்பட்டது. ஆகவே உங்கள் கார் 1940களின் பிற்பகுதியையோ 1950களின் தொடக்கத்தையோ சேர்ந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரிகிற இதை மறைத்து, போருக்கு முந்தைய பொருள் என்று தலையில் கட்டுவது இந்தச் சந்தையின் பழைய தந்திரம்.

பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் அது தொழிற்சாலையில் பூசப்பட்டது. சேகரிப்பாளர் தேடுவது அதைத்தான். ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது. இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு: முன்பே யாரோ மறுபெயிண்ட் அடித்திருந்தால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதை அறிய, மேல்தகட்டை அடித்தகட்டோடு பிணைக்கும் சிறு மடிப்புகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மடிப்பின் மேலேயே பெயிண்ட் வழிந்திருந்தாலோ, உள்பக்கத் தகரத்தில் துளிகள் தெறித்திருந்தாலோ, உதிர்ந்த இடத்தின் ஓரத்தில் வேறொரு நிறம் எட்டிப்பார்த்தாலோ அது பிற்காலக் கைவேலை. அப்போதும்கூட அடியில் அசல் பூச்சு ஒளிந்திருக்கலாம் என்பதால், பொம்மை சீரமைப்பில் அனுபவமுள்ளவரிடம் காட்டிய பிறகே முடிவெடுங்கள். அந்த மடிப்புகளை நிமிர்த்திக் காரைத் திறக்க மட்டும் நீங்களே முயலாதீர்கள். முன்பே ஒருமுறை மடங்கிய பழைய தகரம் எளிதில் ஒடிந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் கேட்டால் பெரும்பாலும் விலை சொல்ல மாட்டார்கள். அது சரியான விதியே. ஆனால் எந்தக் காலத்துப் பொருள், எது அசல் பூச்சு என்று பார்த்துச் சொல்லக்கூடப் பல இடங்களில் ஆளில்லை என்று கைவிரிப்பதையும், கண்ணாடிப் பெட்டிக்குள் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதி வைப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அறிந்தவர்கள் வாய்மூடி இருப்பதால்தான் இடைத்தரகர்கள் பேசுவதே வேதவாக்காகிவிடுகிறது.

முழுச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் சற்று ஒத்திவையுங்கள். பழைய கிரீஸ் இறுகிப் பல்சக்கரங்களைப் பிடித்திருக்கும்; அந்த நிலையில் முறுக்கினால் ஸ்பிரிங் அறுந்து போகலாம். கடிகாரம் பழுதுபார்ப்பவர் பழைய கிரீஸை நீக்கி, துளியளவு எண்ணெய் இட்டுத் தருவார். அவரிடம் கொடுக்கும்போது பெயிண்டில் கைவைக்கக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.